ஏரிக்கரை வீடு: பத்திரத்தில் இல்லாத ஒன்பது அடி

தாம்பரம் மாநகராட்சிக்குள், ஓர் ஏரியின் கரையை ஒட்டி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இருந்துவரும் குடியிருப்பில் தனி வீடு வாங்க முன்பணம் கொடுத்துவிட்ட வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பள்ளி ஆசிரியை. கணவர் மறைமலை நகரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். ஏரியைச் சுற்றி நடைபாதை, நல்ல அக்கம்பக்கம், நடந்து போகும் தொலைவில் பள்ளி என்று கணவருக்கு அந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது. வாசகிக்கும் பிடித்துதான் இருக்கிறது. ஆனால், பத்திர நகலை வாங்கிப் பார்த்த பிறகு மனம் ஒப்பவில்லை.

மனை 1986-இல் கிரயம் பெறப்பட்டது. வீடு அதற்குச் சில ஆண்டுகள் கழித்துக் கட்டப்பட்டது. கிரயப் பத்திரத்தில் கிழமேல் 60 அடி, தென்வடல் 32 அடி, ஆக 1,920 சதுர அடி என்றும், மேற்கு எல்லை ‘ஏரிக்கரைப் புறம்போக்கு’ என்றும் எழுதியிருக்கிறது. சுற்றுச்சுவருக்குள் அளந்தால் கிழமேலாக 69 அடி வருகிறது. அந்த ஒன்பது அடிக்குள் சமையலறையின் பின்பாதியும், கழிவுநீர்த் தொட்டியும், ஒரு துவைக்கும் கல்லும் இருக்கின்றன. விலை 1 கோடியே 30 லட்சம் ரூபாய். மனைக்குச் சதுர அடி 5,500 ரூபாய் வீதம் 2,208 சதுர அடிக்கும், கட்டடத்துக்கு எட்டரை லட்சத்துச் சொச்சமும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது பத்திரத்தில் இல்லாத நிலத்துக்கும் விலை போட்டிருக்கிறார்கள்.

மனை வாங்கியவர் 2019-இல் இறந்துவிட்டார். விற்க முன்வருபவர் அவருடைய மனைவி. மகன் அமெரிக்காவில், மகள் சிங்கப்பூரில். பிள்ளைகள் இறந்தவருடைய தம்பிக்குப் பவர் எழுதி அனுப்புவார்கள் என்கிறார்கள். பத்திரத்தில் 70 லட்சம் காட்டிவிட்டு, மீதியை ரொக்கமாகக் கொடுக்கும்படியும் கேட்கிறார்கள். வங்கிக் கணக்கு வழியாக 2 லட்சம் முன்பணம் கொடுத்து, வெள்ளைத்தாளில் ரசீது வாங்கியிருக்கிறார் வாசகி. “நாற்பது வருஷமா வரி கட்டுறாங்க, யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை; தி.நகரே ஏரிமேல கட்டினதுதானே” என்கிறார் தரகர். வங்கி கடன் தரச் சம்மதித்தால் பத்திரத்தில் பழுதில்லை என்றுதானே பொருள் என்பது கணவரின் வாதம். வாங்கலாமா, அந்த ஒன்பது அடிக்குப் பிற்காலத்தில் பட்டா கிடைக்குமா, வெள்ளம் வருமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

டேப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள்; என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பதிவு முடிந்த பிறகுதான் அளக்கிறார்கள். உங்கள் கடிதத்தையும் நகல்களையும் படித்தபின் என் கருத்து இது: இந்த வீட்டை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால், இந்த விலைக்கு, இந்த எல்லைக்குள், இந்த முறையில் வாங்கக் கூடாது.

கரையின் எந்தப் பக்கம்?

ஏரிக்கு அருகில் இருக்கும் வீடெல்லாம் ஆபத்து என்ற அச்சத்தை முதலில் விடுங்கள். ஏரிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. கரைக்கு உட்புறம், மழைநீர் வந்து பரவும் சரிவான பகுதி உள்வாய். கரைக்கு வெளிப்புறம், மதகு வழியாக நீர் பாய்ந்து நெல் விளைந்த பகுதி ஆயக்கட்டு. மழை குறைந்த ஆண்டுகளில் உள்வாய் காய்ந்து வெறும் தரையாகக் கிடக்கும். அதைக் காட்டி மனை போட்டு விற்றதில்தான் சென்னையின் சுற்றுப்புறங்களில் எத்தனையோ குடும்பங்கள் ஏமாந்தன. ஆயக்கட்டு நிலங்களோ பெரும்பாலும் பழைய காலம் முதலே பட்டா நஞ்சையாக இருந்தவை. உங்கள் பத்திரத்தில் மேற்கே ஏரிக்கரை என்றும், மூலப்பத்திரத்தில் நிலம் நஞ்சை என்றும் இருப்பதால், வீடு ஆயக்கட்டுப் பக்கத்தில் இருப்பதாகவே தெரிகிறது. 1,920 சதுர அடியைப் பொறுத்தவரை இது நல்ல அறிகுறி.

அறிகுறிதான், அதையே உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆயக்கட்டில் பாசன வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்கும். சாகுபடி நின்றபின் அவை தூர்ந்து, மனைகளுக்குள் மறைந்திருக்கலாம். பயிர் நின்று எத்தனை ஆண்டுகள் ஆனாலும் வருவாய்க் கணக்கில் வாய்க்கால் வாய்க்கால்தான். எனவே அந்தப் புல எண்ணுக்கு அ-பதிவேட்டு (புல எண் வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு) நகல், புலப்படம் (அந்தப் புல எண்ணின் அளவை வரைபடம்), கிராம வரைபடம், நகர நில அளவைப் பதிவேட்டு நகல் ஆகியவற்றை வாங்குங்கள். 1980-களில் நடந்த யுடிஆர் (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) பணிக்கு முந்தைய பதிவேட்டையும் கேளுங்கள். அந்தப் பணியில் புறம்போக்கு பட்டாவானதும் உண்டு, பட்டா நிலம் புறம்போக்கானதும் உண்டு. இன்றைய பட்டா ஒன்று சொல்லி, பழைய பதிவேடு ‘ஏரி’ என்றோ ‘வாய்க்கால்’ என்றோ சொல்லுமானால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த ஒன்பது அடி

விற்பவருடைய பத்திரமே மேற்கெல்லையைப் புறம்போக்கு என்று சொல்கிறது. ஆகவே அந்த ஒன்பது அடியும் அரசு நிலம் என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் ஆவணமே சான்று. அதற்குப் பிற்காலத்தில் பட்டா வாங்கிவிடலாம் என்பது நடக்காத காரியம். வருவாய்த் துறை புறம்போக்கை ஆட்சேபகரமானது, ஆட்சேபணையற்றது என்று இரண்டாகப் பிரிக்கிறது. நீண்ட காலக் குடியிருப்புக்கு மனைப்பட்டா வழங்கும் சலுகைகளெல்லாம் இரண்டாவது வகைக்குத்தான். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், அவற்றின் கரை ஆகியவை முதல் வகை.

நாற்பது ஆண்டு அனுபவம் என்ற வாதமும் நீர்நிலை விஷயத்தில் நிற்பதில்லை. தனியார் நிலத்தில் பன்னிரண்டு ஆண்டு, அரசு நிலத்தில் முப்பது ஆண்டு என்று அனுபவ பாத்தியதை, அதாவது நெடுங்காலம் அனுபவித்துவந்தால் வரும் உரிமை, பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால், ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் 2001-லும், ஜக்பால் சிங் வழக்கில் 2011-லும் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம், ஊர்ப் பொது நீர்நிலையை ஆக்கிரமித்தவர் நெடுங்காலம் இருந்துவிட்டார் என்பதோ, அதில் செலவு செய்து கட்டிவிட்டார் என்பதோ அதை முறைப்படுத்தக் காரணமாகாது என்பதே. தமிழ்நாட்டில் இதற்கென்றே 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. நீர்வளத் துறையின் (முன்பு பொதுப்பணித்துறையின்) கட்டுப்பாட்டில் இல்லாத ஏரியாக இருந்தாலும், 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றலாம். ‘இது ஊராட்சி ஒன்றிய ஏரி, பொதுப்பணித்துறை ஏரி இல்லை’ என்று தரகர் சொன்னால் அதில் உங்களுக்குப் பயன் ஒன்றுமில்லை. அறிவிப்பு வரும்போது அது வீட்டில் இருப்பவருக்கு வரும். 1988-இல் சுவர் கட்டியவரைத் தேடிக்கொண்டு யாரும் போக மாட்டார்கள். இழப்பீடும் கிடையாது.

தி.நகர் உதாரணத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மாம்பலம் ஏரியை 1920-களில் அரசே திட்டமிட்டு வற்றச்செய்து, மனை பிரித்து விற்றது. மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு பெயரளவில் அதை நினைவூட்டுகிறது. நுங்கம்பாக்கம் லேக் ஏரியாவும் ஒரு காலத்தில் ஏரிதான். இன்று அத்தகைய முடிவை எடுக்க எந்த நீதிமன்றமும் விடாது என்பது வேறு கதை. ஆனால், அங்கே நிலத்தின் வகைப்பாட்டை மாற்றியது அரசு. இங்கே ஒரு வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இதில் இன்னொரு நுட்பம். துவைக்கும் கல்லை அகற்றுவது ஒரு பொழுது வேலை. கழிவுநீர்த் தொட்டியை முன்புறத்துக்கு மாற்றலாம், அல்லது அந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்திருந்தால் இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். சமையலறைதான் சிக்கல். அதன் கூரை தனித் தளமா, வீட்டின் பிரதான கான்கிரீட் தளத்தோடு சேர்த்துப் போட்டதா என்று ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துப் பாருங்கள். தனித் தளமென்றால் பின்பாதியை இடித்துச் சுவர் எழுப்பிவிடலாம். சேர்த்துப் போட்டதென்றால், வெட்டும்போது வீடு முழுவதும் அதிரும். அந்தச் செலவைக் கேட்ட பிறகு வீட்டின் விலை உங்களுக்கு வேறாகத் தோன்றும். கரையின் அடிவாரத்தில் குழி தோண்டித் தொட்டி கட்டியிருப்பதை நீர்வளத் துறை எளிதாக விடுவதில்லை. கரை பலவீனப்படுவது அப்படித்தான்.

வரி ரசீதும் வங்கிக் கடனும்

சொத்து வரி ரசீது, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவை அந்த இடத்தில் ஒரு கட்டடம் இருப்பதையும் அதற்குக் கட்டணம் செலுத்தப்படுவதையும்தான் காட்டும், உரிமையைக் காட்டா. பதிவும் அப்படியே: சார்பதிவாளர் ஆவணத்தைப் பதிவு செய்கிறார், விற்பவருக்கு முழு உரிமை இருக்கிறது என்று உத்தரவாதம் தருவதில்லை. வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது, கடன் தொகைக்கு ஈடாக அந்த 1,920 சதுர அடி போதுமா என்பதை. மீதி 288 சதுர அடிக்கு நீங்கள் கைக்காசிலிருந்து கொடுக்கும் 15 லட்சத்து 84 ஆயிரம் ரூபாயைப் பற்றி வங்கிக்கு எந்தக் கவலையும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: மனைப்பிரிவு ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ பெற்றது என்று நகலில் முத்திரை இருக்கிறது. சென்னைப் பெருநகர எல்லைக்குள் அந்தக் காலத்திலும் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் சிஎம்டிஏ-வுக்குத்தான் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இருந்தது. சிஎம்டிஏ எண் இல்லையென்றால், அனுமதியற்ற மனைகளுக்கான 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி மனை வரன்முறைப்படுத்தப்பட்டதா என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. நீர்நிலைப் புறம்போக்குக்கு இல்லை. பழைய வீட்டை அப்படியே வாங்கிக் குடியேற இது உடனடித் தடையாகாது. நாளை இடித்துக் கட்டத் திட்ட அனுமதி கேட்கும்போது குறுக்கே நிற்கும்.

விற்பவர்கள் யார்?

இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பம், உயில் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இறந்தவரின் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. ஆனால், 2019-இல் அவர் இறந்தபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்தாரா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்திருந்தால் அவரும் முதல் நிலை வாரிசு, நால்வரில் ஒருவர். அந்தத் தாயார் பிறகு உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவருடைய பங்கு மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். பவர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வரும் தம்பியே ஒரு பங்குதாரராக இருக்கக்கூடும். அப்படியானால் அவர் முகவராக மட்டும் கையெழுத்திட்டால் போதாது. தன் பங்குக்கும் விற்பவராகச் சேர வேண்டும், உடன்பிறந்தோர் வேறு இருந்தால் அவர்களும் சேர வேண்டும். வாரிசுச் சான்றிதழின் நகலை வாங்கி இதைச் சரிபாருங்கள்.

வெளிநாட்டில் எழுதும் பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்டு, இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். பதிவின்போது எழுதிக்கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றும் தேவை. இதைவிடச் சுலபமான வழி, மகனும் மகளும் தங்கள் பங்கைத் தாயாருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்து, அவர் ஒருவரே விற்பது. உங்களுக்கும் அது நல்லது. 50 லட்சமும் அதற்கு மேலுமான கிரயத்தில் நீங்கள் பிடித்துச் செலுத்த வேண்டிய ஒரு சதவீத வருமான வரி, உள்நாட்டில் வசிக்கும் விற்பனையாளருக்குத்தான் பொருந்தும். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு விகிதமும் நடைமுறையும் வேறு. தவறினால் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழும்.

70 லட்சம் காட்டும் யோசனையை அடியோடு மறுத்துவிடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் நிலபுலக் கிரயத்துக்கு ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி அதே அளவு அபராதத்துக்கு உரியது. உங்கள் பக்கத்துக் கணக்கும் உதைக்கிறது: பத்திரத்தில் 70 லட்சம் இருந்தால் வங்கி அதிகபட்சம் 80 சதவீதமாக 56 லட்சம்தான் தர முடியும், நீங்கள் 80 லட்சம் கடன் எதிர்பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாளை உரிமையில் பழுது ஏற்பட்டு வழக்குப் போட நேர்ந்தால், நீங்கள் கொடுத்ததாக நிரூபிக்க முடிவதும் அந்த 70 லட்சம் மட்டுமே. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று ஒன்பது சதவீதத்தை மிச்சப்படுத்தப் போய் 60 லட்சத்துக்குச் சாட்சியில்லாமல் நிற்க வேண்டாம்.

வெள்ளமும் கசிவும்

நீங்கள் அனுப்பிய படங்களில், பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொரிந்திருக்கிறது. ஏரி நிரம்பும் மாதங்களில் கரைக்குக் கீழே கசிவு இருக்கும்; அதன் தடமாக இருக்கலாம். இன்னொரு படத்தில் தெருவிலிருந்து வாசலுக்கு இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருக்கிறது. பழைய குடியிருப்புகளில் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்திவிடுவதால் வரும் நிலை இது. ஏரி உடையாவிட்டாலும் தெருத்தண்ணீர் உள்ளே வரும். ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்துகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஆனால், அது பெருஞ்செலவு.

உங்கள் பகுதி ஏரிகள் தனித்தனியாக இருப்பவை அல்ல. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றின் உபரிநீர் அடுத்ததற்குப் போய், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும் தொடர் அங்கே இருக்கிறது. எனவே ‘ஏரிக்கு எவ்வளவு அருகில்’ என்று கேட்பதைவிட, ‘கலங்கல் (ஏரி நிரம்பினால் நீர் வழியும் இடம்) எங்கே, உபரிநீர்க் கால்வாய் எந்தத் தெரு வழியாகப் போகிறது’ என்று கேளுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்பதைத் தரகரிடம் விசாரிக்க வேண்டாம். எதிர்வீட்டில் நீண்ட காலமாகக் குடியிருப்பவரிடமும், முனையில் இருக்கும் மளிகைக் கடையிலும் விசாரியுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். கழிவுநீர் கலக்கும் ஏரியாக இருந்தால் கிணற்றில் தெரிந்துவிடும்.

இனி செய்ய வேண்டியது

முதலில் விற்பவரே நில அளவைக்கு எஃப்-லைன் மனு (எல்லையை அளந்து காட்டக் கோரும் மனு) கொடுக்கட்டும்; பட்டாதாரர் தரப்பு கேட்டால்தான் அளப்பார்கள். பட்டா இன்னும் இறந்தவர் பெயரில் இருந்தால் பெயர் மாற்றமும் முன்னதாக நடக்க வேண்டும். 1975 முதலான வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வேயர் எல்லைக் கல் ஊன்றும் நாளில் நீங்களும் கணவரும் நேரில் இருங்கள்.

கல் சுவருக்கு உள்ளே, 60 அடியில் விழுந்தால், பேச்சை 1,920 சதுர அடியிலிருந்து தொடங்குங்கள். அதே 5,500 ரூபாய் வீதத்தில் மனை மதிப்பு 1 கோடியே 5 லட்சத்து 60 ஆயிரம். அதிலிருந்து சமையலறையையும் தொட்டியையும் உள்ளே இழுக்கும் செலவைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் பதிவுக்கு முன் விற்பவரே அவற்றை அகற்றிச் சுவரை எல்லையில் எழுப்பித் தரட்டும். அந்த அம்மா வயதானவர், இடிப்பு வேலையெல்லாம் முடியாது என்றால், தொகையைக் குறைத்து நீங்கள் செய்துகொள்ளலாம். ஆனால், வாங்கிவிட்டு ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சுவரை அப்படியே விட்டுவைத்தால், ஆக்கிரமிப்பாளர் என்ற இடத்துக்கு நீங்கள் வந்துவிடுகிறீர்கள். கல் 60 அடிக்கும் உள்ளே விழுந்தாலோ, புலப்படத்தில் வீட்டுக்கு அடியில் வாய்க்கால் ஓடினாலோ, ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

எல்லாம் சரியாக வந்தால், வெள்ளைத்தாள் ரசீதுக்குப் பதிலாக முறையான கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்வது கட்டாயம். முப்பது நாள் கெடுவுக்கு ஒப்பாதீர்கள். அளவை, பட்டா மாறுதல், விடுதலைப் பத்திரம் மூன்றும் முடிந்த நாளிலிருந்து தொண்ணூறு நாள் என்று எழுதுங்கள்.

முன்பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். சொன்ன அளவு நிலத்துக்கு உரிமை இல்லை என்ற காரணத்தால் வாங்குபவர் விலகினால், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இடமளிக்கிறது. வங்கி வழியாகக் கொடுத்திருப்பதால் ஆதாரம் இருக்கிறது. இந்த வாரமே விற்பவருக்கு ஒரு விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள்: பத்திரத்துக்கும் இடத்துக்கும் கிழமேலாக ஒன்பது அடி வித்தியாசம் இருப்பதைக் குறிப்பிட்டு, நில அளவை முடியும்வரை கிரயத்தை நிறுத்திவைப்பதாகவும், எல்லை சரியில்லையெனில் 2 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டுமென்றும் நான்கு வரி எழுதினால் போதும். ரசீதின் நகலையும் பணம் மாற்றிய வங்கிப் பதிவையும் அதோடு இணைத்து, தபால் போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.